இடது குழல்

துப்பாக்கி வாங்குகிறவர்கள் எல்லாரும் சுடத் தெரிந்துகொண்டா வாங்குகிறார்கள்? ஆம்பூர் முனீர் அகமது ரெட்டைக்குழல் துப்பாக்கி வாங்கியபோது அதன் கட்டையைத் தோளில் எங்கே பொருத்துவது என்றுகூட அவனுக்குத் தெரியாது. சுடுவதற்காக வாங்கினான் என்று சொன்னால் அதுவும் பாதிப் பொய். ஒரு துரையின் பக்கத்தில் சமமாக உட்காரவேண்டும், அதற்காக வாங்கினான்.

அந்தத் துரையின் பெயர் ஹால்டன். பட்டணத்தில், பெரியமேட்டில், தோல் ஏஜென்ட். பதனிட்ட தோலை லண்டன் ஏலத்துக்குக் கப்பலேற்றுகிறவர். அந்த நாளில் தோல் பதனிடும் தொட்டி வைத்திருக்கிற ஒவ்வொரு தொட்டிக்காரரும் தன் தோலில் தனக்கென்று ஒரு முத்திரை குத்துவார். லண்டனில் வாங்குகிறவன் முத்திரையைப் பார்த்துத்தான் விலை கேட்பான். ஹால்டன் கையால் ஒரு முத்திரை கப்பலேறிவிட்டால் அந்தத் தொட்டிக்காரரின் பிழைப்பு நிமிர்ந்துவிடும் என்று பேச்சு. தோலை விட்டால் அந்த மனிதருக்கு வாத்துதான். மார்கழி பிறந்ததும் கடலை ஒட்டிய பழவேற்காட்டு ஏரிக்கரையில் கூடாரம் அடித்துவிடுவார். தனக்குப் பிடித்த வியாபாரிகளை அங்கேயே கூப்பிட்டுப் பேசுவார். மண்டியில் மாதக்கணக்காக நடையாய் நடந்தும் முடியாத காரியம் அங்கே படகில் முடிந்துவிடும்.

முனீருக்கும் அப்படி முடிக்கவேண்டிய காரியம் ஒன்று இருந்தது. அவனும் அவன் சிநேகிதன் வேதாசலமும் பேரணாம்பட்டில் பாழடைந்து கிடந்த ஒரு சின்னத் தொட்டியைக் கூட்டாகக் குத்தகைக்கு எடுத்திருந்தார்கள். முனீர் தோல் வியாபாரக் குடும்பம். வாங்குவதும் விற்பதும் அவன் பாடு. வேதாசலத்தின் அப்பா திருப்பத்தூர்ப் பக்கத்திலிருந்து, தோலை ஊறப்போடுகிற ஆவாரம்பட்டை வண்டி ஓட்டி வந்தவர். பட்டை, சுண்ணாம்பு, குழி எல்லாம் மகன் பாடு. இருவரும் ஆம்பூரில் ஒரே பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, ஒரே வாத்தியாரிடம் அடி வாங்கியவர்கள். கூட்டு என்று முடிவானதும் முதல் வேலையாகக் கொல்லனிடம் போய் இரும்பில் முத்திரை வெட்டச் சொன்னார்கள். இங்கிலீஷில் இரண்டே எழுத்து. எம், வி. முனீர், வேதாசலம். அந்த முத்திரையைக் கையில் வாங்கியபோது வேதாசலம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தானே, கல்யாணத்தன்று தாலியைக்கூட அப்படிப் பார்த்திருக்க மாட்டான்.

துப்பாக்கிக்கு லைசென்ஸ் ஒன்றுதான், அது முனீர் பேரில். ஆனால் பழகியது இருவரும்தான். அதற்கு ஒரு ஏற்பாடு செய்துகொண்டார்கள். வலது குழல் முனீருக்கு, இடது குழல் வேதாசலத்துக்கு. முனீர் தன் தோட்டாவைச் சுட்டுவிட்டுத் துப்பாக்கியை இடது பக்கம் நீட்டுவான். வேதாசலம் வாங்கி மற்றக் குழலைச் சுடுவான். பாலாற்று மணலில் பழைய பானைகளை நிறுத்தி ஆரம்பித்தார்கள். பானைகளுக்கு ஒரு சேதமும் வரவில்லை. பிறகு ஊருக்கு வெளியே ஏரிக்குப் போய், கோரைப் புல்லுக்குள் இடுப்புத் தண்ணீரில் நின்று, விடிகிற நேரத்தில் வந்திறங்கும் கிளுவை வாத்துகளைப் பார்த்துச் சுட்டார்கள். பறவை இருக்கிற இடத்தைப் பார்த்துச் சுட்டால் அது போனபிறகு அந்த இடத்துக்கு ரவை போய்ச் சேர்கிறது, அது போகப்போகிற இடத்தைப் பார்த்துச் சுடவேண்டும் என்கிற சின்ன விஷயம் புரிவதற்கே ஒரு பெட்டித் தோட்டா தீர்ந்தது.

"வாத்துங்களுக்கு நம்ம மேல பயமே போய்ட்சிடா," என்பான் வேதாசலம். "நாளைக்கு வந்து தோள்மேல குந்தும் பாரு."

கடைசியில் ஒரு கிளுவை விழுந்தது. விழுந்தது இடது குழலுக்கு. சுட்ட வேதாசலம் சந்தோஷத்தில் நிற்கவில்லை. துப்பாக்கியை முனீர் கையில் திணித்துவிட்டுத் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு ஓடினான். பறவைக்கு உயிர் இருக்கும்போதே பிஸ்மில்லா சொல்லி அறுத்தால்தான் முனீர் வீட்டில் அதைச் சட்டியில் ஏற்றுவார்கள். உயிர் போய்விட்டால் ஹராம். வேதாசலத்துக்கு அப்படி ஒரு கட்டுப்பாடும் கிடையாது. இருந்தாலும் சேற்றில் விழுந்தெழுந்து, துடிக்கிற பறவையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மூச்சிரைக்க வந்து நின்றான். "உசுரு இருக்குது, சீக்கிரம்," என்று கழுத்தைப் பிடித்துக் கொடுத்தான். முனீர் கத்தியை எடுத்தான். அன்று மத்தியானம் முனீர் மனைவி வஹீதா ஆக்கிய குழம்பை இருவரும் ஒரே பாயில் உட்கார்ந்து தின்றார்கள். இத்தனை தோட்டாவுக்குக் கசாப்புக் கடையில் ஒரு முழு ஆடே வாங்கியிருக்கலாம் என்று திரைக்குப் பின்னாலிருந்து அவள் சொன்னது இருவருக்கும் நன்றாகவே கேட்டது.

தை மாதத்தில் துரையிடமிருந்து அழைப்பு வந்தது. முனீர் புதுக் கோட்டுத் தைத்தான். வேதாசலம், ஏற்கெனவே இருவரும் பதனிட்டு வைத்திருந்த தோல்களில் நல்லதாக ஒன்றைப் பொறுக்கி, ஓரத்தில் எம்.வி. குத்தி, சுருட்டி எடுத்துக்கொண்டான். ரயிலில் பட்டணம், அங்கிருந்து பொன்னேரி, அப்புறம் மாட்டு வண்டி. வழியெல்லாம் வேதாசலம் துரையிடம் பட்டைத் தண்ணீரைப் பற்றி என்னென்ன சொல்லவேண்டும் என்று முனீருக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டே வந்தான். இங்கிலீஷ் கொஞ்சம் வருவது முனீருக்குத்தான்.

கூடாரத்து வாசலில் துரை நல்லபடியாகத்தான் வரவேற்றார். கைகுலுக்கினார். பிறகு பின்னால் தோல் சுருளோடு நின்ற வேதாசலத்தைப் பார்த்து, இவர் யார் என்று கேட்டார்.

இந்த இடத்தில்தான் அந்தப் பாழாய்ப்போன வார்த்தை வந்தது. ஆம்பூரில் ஒருவனைப் பார்த்து 'நம்ம ஆளு' என்றால் அதைவிடப் பெரிய உறவு கிடையாது. என்னோடு சேர்ந்தவன், எனக்காக நிற்பவன், அவனிடம் எதையும் பேசலாம் என்று அதற்கு அர்த்தம். முனீருக்கு வாயில் வந்தது அதுதான். அதை அப்படியே இங்கிலீஷில் மாற்றினான்.

"மை மேன், சார்," என்றான், பெருமையாக.

துரை தலையை ஆட்டினார். வேலைக்காரனோடு வந்திருக்கிறான், நல்லது என்று அவர் எடுத்துக்கொண்டது உடனே தெரிந்துவிட்டது. பட்லரைக் கூப்பிட்டு ஏதோ சொன்னார். பட்லர் வேதாசலத்திடம் வந்து, "ஆளுங்களுக்கு டீ அந்தாண்ட, படகுக்காரங்க குந்திக்கினு இருக்காங்க பாரு, அங்க போ," என்றான்.

வேதாசலம் முனீரைப் பார்த்தான். சிரித்துக்கொண்டுதான் பார்த்தான், பட்லர் தெரியாமல் சொல்கிறான், நீ சொல்லிவிடு என்கிற சிரிப்பு. ஒரு வார்த்தை போதும். சொன்னால் துரையே சிரித்துவிட்டு இன்னொரு நாற்காலி போடச் சொல்லியிருப்பார். ஆனால் முனீர், வந்தவுடனே துரையைத் திருத்துவதா, டீ குடித்துவிட்டு நிதானமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தான். நாற்காலி போட்டார்கள், உட்கார்ந்தான். டீயும் குடித்தான். சொல்லவில்லை.

வேட்டைக்கு இரண்டு படகு. ஒன்றில் துரை, ஒன்றில் முனீர். துரையின் நாய்க்குக் காலில் முள் தைத்துச் சீழ் வைத்திருந்ததால் அதைக் கொண்டுவரவில்லை. அதைச் சொல்லி அவர் வருத்தப்பட்டார். தட்டையான படகுகள். துடுப்புக்குப் பதிலாகக் கழியை ஊன்றித் தள்ளுகிறார்கள். ஏரி என்று பெயரே தவிர அது கடலின் ஒரு கை. தண்ணீர் உப்பு, சில இடத்தில் முழங்கால், சில இடத்தில் மார்பு. தூரத்தில் பூநாரைகள் வரிசையாக நின்றன. காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கிறதோ அதற்கு எதிராகத்தான் வாத்து இறங்கும், அதனால் காற்றுக்கு முதுகைக் காட்டி உட்காரவேண்டும் என்று துரை பக்கத்துப் படகிலிருந்து முனீருக்குச் சொல்லிக்கொடுத்தார். படகுகளைச் சுற்றிப் புல்லும் தழையும் செருகி, அசையாமல் உட்காரவைத்தார். வேதாசலம் முனீருக்கு இடது பக்கத்தில், எப்போதும் உட்காருகிற இடத்தில் உட்கார்ந்தான்.

ஊசிவால் வாத்துகள் கூட்டமாக வந்தன. ஆம்பூர் ஏரியில் பார்த்த கிளுவைகளைப் போல இரண்டு மடங்கு. முனீர் வலது குழலைச் சுட்டான். ஒன்று சாய்ந்தது. கை தானாக இடது பக்கம் திரும்பியது. வேதாசலத்தின் கையும் நீண்டது. அதற்குள் பக்கத்துப் படகிலிருந்து துரை, இன்னொரு குழல் இருக்கிறதே, விடாதே, சுடு என்று கத்தினார். முனீர் அப்படியே துப்பாக்கியைத் திருப்பித் தோளில் வைத்து இடது குழலையும் சுட்டுவிட்டான்.

அதுவும் பட்டது. படாமல் போயிருக்கக் கூடாதா என்று பிற்பாடு எத்தனையோ முறை நினைத்திருக்கிறான்.

நீட்டிய கையை வேதாசலம் மெல்ல மடக்கிக்கொண்டான். அப்போதும் தப்பாக நினைக்கவில்லை போலிருக்கிறது. விழுந்த பறவைகள் சிறகடிப்பதைப் பார்த்ததும் வேட்டியை வரிந்துகட்டிக்கொண்டு தண்ணீரில் குதித்தான். ஆம்பூர் ஏரியில் ஓடியது போலவே ஓடினான். சேற்றுக்கடியில் சிப்பி ஓடுகள் கத்தியாய்க் கிடந்தன. இரண்டு வாத்துகளையும் உயிரோடு கொண்டுவந்து படகு விளிம்பில் வைத்தபோது அவன் காலிலிருந்து வந்த ரத்தம் உப்புத் தண்ணீரில் கலங்கியது.

"உசுரு இருக்குது, சீக்கிரம்," என்றான்.

முனீர் பிஸ்மில்லா சொல்லி அறுத்தான். துரை தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார். என் நாய்கூட இவ்வளவு வேகமாகக் கொண்டுவராது, உமக்கு நல்ல ஆள் வாய்த்திருக்கிறான் என்றார். ஏரியெல்லாம் கேட்கும்படி சொன்னார். 'மேன்' என்கிற வார்த்தையும் 'டாக்' என்கிற வார்த்தையும் புரிவதற்குப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. முனீரும் சிரித்தான். துரை சிரிக்கும்போது கூடச் சிரிக்கிற வியாபாரச் சிரிப்புத்தான், வாய் மட்டும். ஆனால் வேதாசலம் நின்ற இடத்திலிருந்து பார்த்தால் சிரிப்பு சிரிப்பாகத்தானே தெரியும்.

அதற்குப் பிறகும் அவன் இறங்கி ஓடினான். சுட்டபோதெல்லாம் ஓடினான். அவன் ஓடாமல் இருந்திருந்தால் முனீருக்குச் சுலபமாக இருந்திருக்கும். கோபமாக ஒரு முறை உட்கார்ந்துவிட்டிருந்தால், இவர் என் கூட்டாளி சார், வேலைக்காரர் இல்லை என்று சொல்ல ஒரு சந்து கிடைத்திருக்கும். அவனோ முனீரின் ஹலாலைக் காப்பாற்றிக்கொண்டிருந்தான். நேரம் ஆக ஆக அந்தத் திருத்தம் கனத்துக்கொண்டே போனது. காலையில் சொல்லியிருந்தால் சிரிப்போடு போகிற விஷயம். இப்போது சொன்னால், இவ்வளவு நேரம் ஏன் சொல்லவில்லை என்று துரை கேட்பாரே.

சாப்பாடு முடிந்ததும் துரை தோலைக் காட்டச் சொன்னார். வேதாசலம் சுருளைப் பிரித்தான். அவன் ஒரு ஓரம், முனீர் ஒரு ஓரம் பிடித்துக்கொள்ள, துரை தோலைத் தடவினார், மடித்துப் பார்த்தார், மூக்கருகே கொண்டுபோனார். நல்ல சரக்கு, வெகு நாளைக்குப் பிறகு இப்படி ஒரு சீரான நிறத்தைப் பார்க்கிறேன் என்றார். வேதாசலத்தின் முகம் மலர்ந்தது. நிறம் அவனுடையது. ஊறப்போட்ட பட்டையை நாக்கில் வைத்து ருசி பார்த்து அவன் கொண்டுவந்த நிறம்.

துரையின் விரல் முத்திரையில் வந்து நின்றது. எம் என்றால் முனீர், சரி, வி என்றால் என்ன என்று கேட்டார்.

வேதாசலம் நிமிர்ந்தான். அவனுக்குக் கேள்வி புரிந்துவிட்டது. தன் எழுத்தை யாராவது தொட்டால் புரியாதா? ஈர வேட்டியோடு, காலில் துணி சுற்றிக்கொண்டு, தோலின் ஓரத்தைப் பிடித்தபடி, முனீரின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றான்.

வி என்றால் இவர்தான் என்று சொல்லவேண்டும். காலையிலிருந்து நீங்கள் நாய் என்று பாராட்டிய இந்த மனிதர்தான் இந்தத் தோலின் பாதி என்று சொல்லவேண்டும். துரை முகம் சுருங்கிவிட்டால்? காலையில் ஆள் என்றாய், இப்போது கூட்டாளி என்கிறாய், எது உண்மை, எது பொய் என்று தோலைச் சுருட்டித் திருப்பிக் கொடுத்துவிட்டால்?

"வேலூர், சார்," என்றான் முனீர்.

வேலூர் என்கிற சொல் எந்தப் பாஷையிலும் வேலூர்தான். அதை மொழிபெயர்க்க வேண்டியதில்லை. வேதாசலம் தோலைக் கீழே போடவில்லை. துரை பார்த்து முடிக்கிற வரைக்கும் ஓரத்தை விறைப்பாகப் பிடித்துக்கொண்டிருந்தான். முடிந்ததும் குனிந்து, மடிப்பு விழாமல் அழகாகச் சுருட்டிக் கட்டினான்.

காரியம் முடிந்தது. எம்.வி. முத்திரையைக் கப்பலேற்ற துரை ஒப்புக்கொண்டார். அதோடு விட்டாரா, பட்டணம் வரைக்கும் தன் காரிலேயே வரும்படி முனீரைக் கூப்பிட்டார். உம்முடைய ஆள் வாத்துகளை எடுத்துக்கொண்டு வண்டியில் வரட்டும் என்றார். முனீர் காரில் ஏறினான். வேதாசலம் வாத்துகளோடு பொன்னேரிக்குப் போய் ரயில் பிடித்தான்.

மறுநாள் சென்ட்ரல் ஸ்டேஷனில் முனீர் காத்திருந்தான். வேதாசலம் நொண்டிக்கொண்டே வந்தான். வாத்துக் கட்டை வெயில் படாமல் ஈரச்சாக்கில் சுற்றியிருந்தான். முனீர், ராத்திரி முழுக்கத் தயார் செய்து வைத்திருந்த சமாதானங்களையெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகச் சொன்னான். துரை தப்பாகப் புரிந்துகொண்டார், வார்த்தை தவறிவிட்டது, காரியம் கெட்டுவிடுமோ என்று பயந்துவிட்டேன், ஊருக்குப் போனதும் எல்லாவற்றையும் துரைக்கு எழுதிப் போடுகிறேன்.

வேதாசலம் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டான்.

"எதுக்கு எழுதறே, உடு," என்றான். "வேலூரு பெரிய ஊருப்பா. அதுல நானும் ஒரு மூலைல இருந்துட்டுப் போறேன்."

அவன் சண்டை போடவில்லை என்பதுதான் முனீருக்கு ஆறவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டி, இரண்டு நாள் முறைத்துக்கொண்டு, மூன்றாம் நாள் டீக்கடையில் சரியாகியிருக்கும். அவனோ பேரணாம்பட்டுக்குப் போய் வேலையைப் பார்த்தான். துரைக்கு அனுப்பவேண்டிய முதல் சரக்குக்குச் சுண்ணாம்பு போட்டான், பட்டை போட்டான், ஒவ்வொரு தோலாகப் புரட்டினான். குழியில் இருக்கிற தோலைப் பாதியில் விட்டுவிட்டுப் போனால் அது அழுகும் என்று அவனுக்குத் தெரியும். தோல்மேல் அவனுக்குக் கோபம் இல்லையே. சரக்கு காய்ந்து, முத்திரை குத்தி, வண்டி ஏறின அன்றைக்குத்தான் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வந்தான். ராணிப்பேட்டையில் ஒரு தொட்டியில் மேஸ்திரி வேலைக்குப் போவதாகச் சொன்னான்.

சொந்தத் தொட்டியை விட்டுவிட்டு இன்னொருத்தனிடம் கூலிக்கா, உனக்குப் பைத்தியமா என்று முனீர் கேட்டான்.

"அங்க நான் கூலிக்கு ஆளு," என்றான் வேதாசலம். "அது எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். அதுல ஒண்ணும் கஷ்டமில்ல முனீரு."

இரும்பு முத்திரையை மடியிலிருந்து எடுத்து மேஜைமேல் வைத்துவிட்டுப் போனான்.

எம்.வி. சரக்குக்கு லண்டனில் நல்ல பெயர் வந்தது. முனீர் அகமது பெரிய மனிதனானான். பேரணாம்பட்டுத் தோலுக்கு எதற்கையா வேலூர் பெயர் என்று மண்டியில் கேலி பேசினார்கள். முத்திரையை மாற்றச் சொல்லிச் சிலர் யோசனை சொன்னார்கள், அவன் கேட்கவில்லை. ஒரே ஒரு முறை ராணிப்பேட்டை ஸ்டேஷனில் வேதாசலத்தைப் பார்த்தான். தங்கச்சி சௌக்கியமா என்று வஹீதாவைப் பற்றி அன்பாக விசாரித்தான் அவன். முனீர் பேச வாயெடுப்பதற்குள் ரயில் வந்துவிட்டது. அந்த அன்பான விசாரிப்பை நினைத்தால் முனீருக்கு இன்னும் சாப்பாடு இறங்காது.

ஹால்டன் துரை சீமைக்குப் போய்விட்டார். அவர் இடத்துக்கு வந்தவர் சின்ன வயசு. பழக்கம் விட்டுப்போகக் கூடாதென்று அவரும் தை மாதத்தில் பழவேற்காட்டில் கூடாரம் போட்டு முனீரை அழைத்தார். இருவரும் ஒரே படகில் உட்கார்ந்து வாத்துக்குக் காத்திருந்தபோது பேச்சுவாக்கில் கேட்டார், எம்.வி.யில் வி என்றால் என்ன என்று.

"வேதாசலம், சார். மை பார்ட்னர்," என்றான் முனீர். சொல்வதற்கு எவ்வளவு சுலபமாக இருந்தது!

சின்னத் துரை முகம் சுருங்கவில்லை, கோபிக்கவில்லை. அப்படியா, மிகவும் சந்தோஷம், அவரையும் அழைத்து வந்திருக்கலாமே என்றார்.

முனீர் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தான். வாத்துகள் வந்தன. வலது குழலைச் சுட்டான். கொஞ்ச தூரத்தில் ஒன்று விழுந்து, ஒற்றைச் சிறகால் தண்ணீரை அடித்தது. இன்னொரு குழல் இருக்கிறதே என்றார் சின்னத் துரை. முனீர் சுடவில்லை. ராணிப்பேட்டை ஸ்டேஷனில் அந்த ரயில் வந்துபோன நாளிலிருந்து அவன் இடது குழலில் தோட்டா போடுவதில்லை.

பறவைக்கு இன்னும் உயிர் இருந்தது. சீக்கிரம் என்று முனீர் கத்தினான். படகுக்காரன் நிதானமாக எழுந்து, கழியை ஊன்றி, படகைத் திருப்பினான். அவன் மேல் என்ன தப்பு? செத்த வாத்தும் வாத்துதானே அவனுக்கு. முனீர் கத்தியைக் கையில் பிடித்துக்கொண்டு முன்னால் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். அடித்துக்கொண்டிருந்த சிறகு அவர்கள் போய்ச் சேர்வதற்குள் ஓய்ந்துவிட்டது. படகுக்காரன் கழுத்தைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தான்.

"உசுரு போய்ட்சிங்க," என்றான்.

நீயே எடுத்துக்கொள் என்று சொல்லிவிட்டு, முனீர் கத்தியை மடக்கிக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டான்.